புதன்கிழமை மாலைப் படகுகள்

டப்ளின் பியர்ஸ் நிலையத்தில் தெற்கே போகும் டார்ட் புறநகர் ரயிலில் ஏறுகிறவர்கள் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்வது நல்லது. முதல் சில நிமிடங்களுக்கு வீடுகளின் கொல்லைப்புறம், துணிக்கொடி, செங்கல் சுவர், இவைதான் காட்சி. பூட்டர்ஸ்டவுனை நெருங்கியதும் கட்டடங்கள் விலகி, டப்ளின் விரிகுடா ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுகிறது. தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு கல்சுவர் மட்டும். 1834இல் திறக்கப்பட்ட இந்தத் தடம்தான் அயர்லாந்தின் முதல் ரயில்பாதை.

கோடைக்காலப் புதன்கிழமைகளில், வேலை முடிந்து திரும்பும் கூட்டத்தில் சிலருக்கு மட்டும் கால் தரையில் நிற்பதில்லை. தண்ணீர் புகாத பை ஒன்று மடியில் இருக்கும். கைப்பேசியைப் பார்க்கும் நேரத்தைவிட, கடந்துபோகும் கொடிக்கம்பங்களைப் பார்க்கும் நேரம் அதிகம். காற்று எந்தப் பக்கம், எவ்வளவு என்பதே அவர்கள் கவலை. அரைமணிக்குள் டன் லீரி வந்துவிடும். ரயிலைவிட்டு வெளியே வந்தால் எதிரிலேயே துறைமுகம்.

துறைமுகம் என்றதும் கிரேன்களும் கன்டெய்னர்களும் நினைவுக்கு வரும். இங்கே அவை இல்லை. கடலுக்குள் இரண்டு நீண்ட கருங்கல் அணைகள் கைகளைப் போல வளைந்து போய், நுனியில் ஒரு வாசலை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. கிழக்கு அணை சுமார் 1.3 கிலோமீட்டர், மேற்கு அணை அதைவிடச் சற்று நீளம். நடுவில் ஏறத்தாழ 250 ஏக்கர் அடங்கிய நீர். கல் முழுவதும் பக்கத்து ஊரான டால்கியின் குன்றிலிருந்து வெட்டிக் கொண்டுவந்தது.

இத்தனை பெரிய ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது. 1807 நவம்பரில், ஒரே இரவில் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ராச்டேல்' என்ற இரண்டு கப்பல்கள் இந்தக் கரையோரப் பாறைகளில் மோதின. ஏறத்தாழ நானூறு பேர் இறந்தார்கள். புயலில் ஒதுங்க ஓர் இடம் வேண்டும் என்று நார்வேயில் பிறந்த ரிச்சர்ட் டௌச்சர் என்ற மாலுமி ஆண்டுக்கணக்காக மனுப் போட்டு, கூட்டம் சேர்த்து, சொந்தப் பணத்தையும் கரைத்தார். 1817இல் முதல் கல் நடப்பட்டது. 1821இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் வந்து போன மரியாதைக்காக ஊருக்குக் கிங்ஸ்டவுன் என்று பெயர் மாற்றினார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1920இல், பழைய பெயரே திரும்பிவிட்டது. துறைமுக வேலை முடிய 1842 ஆயிற்று. புயலுக்கு ஒதுங்கும் கப்பல்களுக்காகக் கட்டிய இந்தக் கல்தொட்டிதான் இப்போது பதினான்கடிப் படகுகளுக்கு விளையாட்டு மைதானம்.

ஊருக்கும் காற்றுக்கும் பழைய உறவு வேறு உண்டு. கிழக்கு அணையில் நடந்தால் சிறு கோயில் போன்ற ஒரு கல்மண்டபம் தென்படும். காற்றின் வேகத்தை அளக்கும் கருவிக்காக 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டியது. நான்கு கிண்ணங்கள் சுற்றிச் சுற்றி வேகம் காட்டும் அந்தக் கருவியை 1846இல் வடிவமைத்தவர் அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தில் இருந்த தாமஸ் ராம்னி ராபின்சன். காற்றுக்குப் பூஜ்யத்திலிருந்து பன்னிரண்டு வரை எண் கொடுத்த கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபர்ட்டும் இந்த நாட்டவர்தான், மீத் மாவட்டத்து நாவனில் பிறந்தவர். 1840களில் தொடங்கிச் சுமார் பத்தாண்டுகள், இங்கிருந்து டால்கிக்கு எஞ்சினே இல்லாத ரயில் ஒன்றும் ஓடியிருக்கிறது. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி, வெளிக்காற்றின் அழுத்தத்தால் பெட்டியை மேட்டில் ஏற்றினார்கள். காற்றை வைத்து எதையாவது செய்து பார்க்காமல் இந்த ஊர்க்காரர்களால் இருக்க முடிந்ததில்லை போலும்.

கரையோரம் வரிசையாகப் படகுக் கிளப்புகள். ராயல் ஐரிஷ் 1831இல் தொடங்கியது, ராயல் செயின்ட் ஜார்ஜ் 1838, நேஷனல் 1870, மோட்டார் யாட் கிளப் 1965. முதல் மூன்றின் கட்டடங்களைப் பார்த்தாலே பழைய செல்வம் தெரியும். உயரமான தூண்கள், கடலைப் பார்த்த பெரிய ஜன்னல்கள், உள்ளே கண்ணாடிப் பேழைகளில் வெள்ளிக் கோப்பைகள். 1884இல் பிறந்த டப்ளின் பே செய்லிங் கிளப்புக்கோ சொந்தமாக ஒரு கட்டடமும் கிடையாது. சிறிய படகுகளுக்கு ஒழுங்காகப் பந்தயம் நடத்த வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்டது அது. இன்றுவரை மற்ற கிளப்புகளின் வாசல்களில் நின்றுகொண்டே அந்த வேலையைச் செய்துவருகிறது.

மாலையானதும் சரிவுப்பாதையில் தள்ளுவண்டிகள் இறங்கத் தொடங்கும். ஒவ்வொன்றின் மேலும் மெருகேற்றிய மரப்படகு ஒன்று. பலகையின் விளிம்பைப் பலகை கவ்வும்படி அடுக்கிச் செம்பு ஆணி அறைந்து கட்டியவை. நீளம் 14 அடி 3 அங்குலம். சுக்கானைப் பிடிக்க ஒருவர், முன்னால் கயிறுகளைக் கவனிக்க ஒருவர். கணவன் மனைவி, தாத்தா பேத்தி, அலுவலக நண்பர்கள் என்று எந்த ஜோடியாகவும் இருக்கலாம். நல்ல மாலையில் இரண்டு டஜனுக்கு மேல் படகுகள் வந்துவிடும். அவற்றில் சில நூறு வயதைக் கடந்தவை. அவற்றுக்குப் பக்கத்தில் நேற்றுப் பட்டறையை விட்டு வந்தது போல ஒன்று நிற்கும். அளவில், வடிவில், பாயின் பரப்பில் இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது விதி.

இவைதான் வாட்டர் வாக் படகுகள். ஒரே வடிவத்தில் கட்டிய படகுகளை மட்டும் ஒன்றோடொன்று ஓடவிடும் வழக்கம் உலகில் முதலில் இவற்றோடுதான் ஆரம்பித்தது என்று பாய்மரப் பந்தய வரலாறு ஒப்புக்கொள்கிறது.

அதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொண்டால்தான் இதன் அருமை புரியும். விக்டோரியா காலத்துப் படகுப் பந்தயம் பணப்பையின் பந்தயம். ஒவ்வொரு பிரபுவும் ஒவ்வொரு அளவில் ஒரு யாட் வைத்திருப்பார். எது பெரிது, எது சிறிது என்று பார்த்து, எடையையும் நீளத்தையும் கணக்கிட்டு, சிறிய படகுக்கு நேரச் சலுகை தருவார்கள். கணக்கில் ஓட்டை கண்டுபிடிக்கிற படகு வடிவமைப்பாளருக்கு நல்ல கிராக்கி. போன வருடம் வென்ற படகு இந்த வருடம் பழசாகிவிடும். தோற்றவர் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டு வந்து நிற்பார். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? தோற்றால் படகின் மேல் பழி, வென்றால் செலவு செய்தவருக்குப் பெருமை.

டன் லீரிக்குத் தெற்கே, கில்லைனி விரிகுடாவை ஒட்டிய ஷாங்கில் கடற்கரையில் ஒரு சிறு கிளப் இருந்தது. அங்கே துறைமுகம் இல்லை, கூழாங்கல் கரைதான். அலைக்குள் தள்ளி இறக்கி, திரும்ப இழுத்துக் கரையேற்ற வேண்டும். அந்தக் கிளப்பைச் சேர்ந்த தாமஸ் மிடில்டன் 1886இல் ஒரு யோசனை சொன்னார்: எல்லாரும் ஒரே மாதிரி, மலிவான, இருவர் தூக்கி இழுக்கக்கூடிய படகு வைத்துக்கொள்வோம். நேரச் சலுகைக் கணக்கு வேண்டாம், முதலில் வந்தவர் முதல். அடுத்த ஆண்டே, 1887இல், பதின்மூன்றடிப் படகுகள் கடலில் இறங்கின. இரண்டு முனையும் கூர்மை. நடுவில் இறக்கி ஏற்றக்கூடிய அடிப்பலகை, அதுவும் கொதிகலன் தகட்டிலிருந்து வெட்டியது. சீக்கிரமே எல்லாரும் கிங்ஸ்டவுன் துறைமுகத்துக்குள் வந்துவிட்டார்கள். அங்கே கூழாங்கல்லில் இழுக்கும் தொல்லை இல்லை. ஆகவே 1900இல் சற்றுப் பெரிய வடிவம் ஒன்று தேவைப்பட்டது. அதை வரைந்தவர் உள்ளூர்ப் படகுக் கட்டுநர் ஜேம்ஸ் டாயிலின் மகள் மேமி டாயில். 19ஆம் நூற்றாண்டு முடிகிற நேரத்தில் ஓர் இளம்பெண் தீட்டிய கோடுகளின்படிதான் இன்றும் புதிய வாட்டர் வாக் கட்டப்படுகிறது. கிளப் சுவர்களில் தொங்கும் மீசைக்காரப் படங்களைப் பார்த்தபின் இந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தரும்.

மிடில்டனின் யோசனை பந்தயத்தை மட்டும் மாற்றவில்லை. பணத்தால் வாங்க முடியாத வெற்றி என்பது பேச்சின் தொனியையே மாற்றிவிடுகிறது. இருவரிடமும் ஒரே படகு, ஒரே பாய், ஒரே காற்று. அப்படியும் ஒருவர் இருபத்து மூன்றாவதாக வந்தால், படகைக் காரணம் சொல்ல முடியாது. காரணம் அவரேதான். அதைத் தானும் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொள்ளலாம், மற்றவர்களும் கரையேறியதும் வட்டியோடு சொல்லலாம். டப்ளின்காரர்களுக்கு நெருங்கியவரைச் சீண்டாமல் அன்பு காட்டத் தெரியாது என்பார்கள். அந்தக் குணத்துக்கு ஏற்ற விளையாட்டை அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

கிழக்கு அணையின் மேல்தளத்தில் நின்றால் பந்தயம் முழுவதும் தெரியும், பல சமயம் கேட்கவும் செய்யும். பார்க்கத் தெரிந்துகொள்ளச் சில அடிப்படைகள் போதும்.

நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு. அதுதான் தொடக்கக் கோடு. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும். நான்கு நிமிடத்தில் நீலத்துக்குள் வெள்ளைச் சதுரம் போட்ட கொடி. ஒரு நிமிடத்தில் அது இறங்கும். பூஜ்யத்தில் முதல் கொடியும் இறங்கினால் பந்தயம் ஆரம்பம். உலகம் முழுவதும் இதே வரிசைதான். ஆனால் பாய்மரப் படகுக்கு பிரேக் கிடையாது, நின்ற இடத்தில் நிற்காது. ஆகவே அந்த ஐந்து நிமிடமும் எல்லாப் படகுகளும் கோட்டுக்குப் பின்னால் வட்டமடித்து, முட்டாமல் ஒதுங்கி, ஒருவர் காற்றை ஒருவர் மறித்து, கடிகாரத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கும். பந்தயத்தின் மிகச் சிறந்த பகுதி இதுதான் என்று துணிந்து சொல்லலாம். ஒருவர் மட்டும் முந்திக் கோட்டைத் தாண்டினால் அவருக்கென ஒரு கொடி. அவர் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும், எல்லாரும் எதிரே வரும்போது. கூட்டமாகத் தாண்டிவிட்டால் மொத்தப் பேரையும் திரும்பக் கூப்பிட்டு முதலிலிருந்து.

முதல் மிதவை காற்று வருகிற திசையில் இருக்கும். நேராகக் காற்றின் முகத்துக்குள் எந்தப் பாயும் போகாது. ஏறத்தாழ 45 பாகை சாய்வில் ஒருபுறம் போய், திரும்பி மறுபுறம் போய், ஏணிப்படிபோல ஏறித்தான் ஆக வேண்டும். பக்கவாட்டில் அடிக்கிற காற்று எப்படி முன்னால் தள்ளும் என்பது பலருக்கும் வரும் சந்தேகம். ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் அது விரல்களுக்கு நடுவிலிருந்து முன்னால் பாய்கிறதல்லவா, அதுதான். பாய் ஒருபுறம் அழுத்துகிறது, தண்ணீருக்குள் இறங்கிய அடிப்பலகை மறுபுறம் பிடிக்கிறது, படகுக்குப் போக வேறு வழியில்லை.

இரண்டு டஜன் படகுகள் ஏணி ஏறினால் பாதைகள் குறுக்கிடும். அதற்கு ஒரு பொன்விதி. காற்றை வலப்பக்கம் வாங்கி வருபவருக்கே வழி. இடப்பக்கம் வாங்குபவர் ஒதுங்க வேண்டும். வலப்பக்கக்காரர் "ஸ்டார்போர்ட்!" என்று ஒரு குரல் கொடுப்பார். சாதாரண நாளில் மெதுவாகப் பேசும் மனிதர்கள்கூட அந்தச் சொல்லை மட்டும் அணையில் நிற்பவர் காதிலும் விழும்படி சொல்கிறார்கள். தவறு செய்தவரைப் பிடிக்க விசில் ஊதும் நடுவர் கிடையாது. தன் தப்பைத் தானே ஒப்புக்கொண்டு, உடனே இரண்டு முழு வட்டம் சுற்றிவிட்டு ஓட்டத்தைத் தொடர வேண்டும். நடுத்துறைமுகத்தில் ஒரு படகு திடீரெனக் காரணமில்லாமல் தட்டாமாலை சுற்றினால், அது தண்டனை. சுற்றுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் மற்றவர்கள் நாகரிகமாகக் கடந்துபோவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மேல் மிதவையைச் சுற்றியதும் கதை மாறும். காற்று முதுகுப்பக்கம் வந்துவிடும், முன்பாய் பலூன்போல விரியும், பேச்சும் கூடவே விரியும். பின்னால் வருகிறவர்கள் முன்னால் போகிறவர்களின் காற்றைத் தங்கள் பாயால் மறைத்துப் பிடித்துவிடலாம். அதனால் முதலில் போகிறவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். அணைக் கல்லின் மறைவில் காற்று செத்துக் கிடக்கும் மூலைகள் உண்டு. பழைய கைகளுக்கு அந்த மூலைகள் மனப்பாடம். புதியவர் ஒருவர் குறுக்குவழி என்று நினைத்து அங்கே போய்ச் சிக்கிக்கொள்ள, இருபது கெஜம் தள்ளி எல்லாரும் வரிசையாகக் கடந்துபோவார்கள்.

காற்று பலத்தால் வேடிக்கை கொஞ்சம் குறையும். மூடுதளம் இல்லாத மரப்படகு இது. சாய்ந்து விளிம்பு தண்ணீரில் முங்கினால் தொட்டிபோல நிறைந்துவிடும். மிதவைப் பைகள் இருப்பதால் மூழ்காது, ஆனால் பந்தயம் அதோடு முடிந்தது. காற்றடைத்த ரப்பர்ப் படகில் சுற்றிக்கொண்டிருக்கும் உதவியாளர் வந்து கட்டி இழுத்துப் போவார். அந்த உதவியாளரும், கொடி ஏற்றுகிறவரும், நேரம் குறிக்கிறவரும் கிளப் உறுப்பினர்களே. விளையாட்டு இலகுவாக இருப்பதற்குப் பின்னால் யாரோ சிலர் அன்று ஓட்டாமல், மழைக்கோட்டுக்குள் ஒடுங்கி, பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதே துறைமுகத்திலிருந்து 1923 ஜூன் 20ஆம் தேதி கானர் ஓ'பிரையன் தன் 'சீர்ஷா' படகில் கிளம்பி, மூன்று பெரும் நிலமுனைகளையும் சுற்றி உலகை வலம்வந்து, சரியாக இரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில் திரும்பி வந்தார். சிறு படகு வரலாற்றில் பெரிய சாதனை. வாட்டர் வாக் ஓட்டுகிறவர்களுக்கு அந்த ஆசையெல்லாம் இல்லை. வாசலுக்கு வெளியே உலகம் கிடக்கட்டும், ஒன்றரை மணிநேரத்தில் சாப்பாட்டு மேசைக்குப் போய்விட வேண்டும்.

கோடை முடிந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைப்பவர்கள் நவம்பரில் ஒருமுறை வர வேண்டும். மோட்டார் யாட் கிளப் நடத்தும் குளிர்காலத் தொடர் அப்போது ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும், மார்ச் வரை. பெயரே 'ஃப்ராஸ்ட்பைட்'. குளிரில் சிறு படகு ஓட்டும் இந்தப் பைத்தியம் 1932 ஜனவரி முதல் வாரத்தில் நியூயார்க்கை அடுத்த மான்ஹாசெட் விரிகுடாவில் தொடங்கியது என்பார்கள். படகோட்டிகளுக்குள் எழுந்த ஒரு சவால், உறைபனி, அதையும் மீறி ஒரு பந்தயம். அட்லாண்டிக்கைத் தாண்டிப் பரவ அதிக காலம் பிடிக்கவில்லை. ஐரிஷ் கடல் குளிர்காலத்தில் ஏறத்தாழ எட்டு, ஒன்பது பாகை செல்சியஸ். அதில் கவிழ்வதற்காகவே உடம்போடு ஒட்டிய ரப்பர் உடை தைத்து வைத்திருக்கிறார்கள்.

குளிர்காலப் பட்டாளம் கலப்படமானது. ஃபயர்பால், லேசர் படகுகள் எல்லாம் உண்டு. 1932இல் ஜான் கியர்னி வரைந்த 17 அடி மெர்மெய்டு, 1946இல் ஓ'பிரையன் கென்னடி வரைந்த 14 அடி ஐ.டி.ஆர்.ஏ. ஆகிய இரண்டும் அயர்லாந்தின் சொந்தப் படகுகள். இப்படிக் கலந்துவிட்டால் மிடில்டன் துரத்திய நேரக் கணக்கு பின்வாசல் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. ஆனால் இப்போது வேறு வேடத்தில். போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்று ஒரு பட்டியல் உண்டு. படகின் அளவை யாரும் கேட்பதில்லை. அந்த வகைப் படகு கிளப் பந்தயங்களில் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதைத் திரட்டி ஓர் எண் தருகிறார்கள். வேகமானதற்குச் சின்ன எண், மெதுவானதற்குப் பெரிய எண். ஓடிய நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுத்தால் விடை.

லேசரின் எண் சுமார் 1100, மிரர் படகினுடையது சுமார் 1390 என்று வைத்துக்கொள்வோம். லேசர்க்காரர் 44 நிமிடத்தில் முடித்துவிட்டு, பாயைச் சுருட்டி, தேநீருக்குப் போய்விடுகிறார். கணக்கில் அவருக்கு 40 நிமிடம். சிவப்புப் பாயோடு ஒரு குட்டி மிரர் தள்ளாடித் தள்ளாடி 55ஆவது நிமிடத்தில் வந்து சேர்கிறது. கணக்குப் போட்டால் 39 நிமிடம் 34 விநாடி. பதினொரு நிமிடம் கழித்து வந்த மிரர் வென்றுவிட்டது! கோப்பையைத் தேநீர்க் கோப்பையோடு சேர்த்து நழுவவிட்ட லேசர்க்காரரின் முகத்தைப் பார்ப்பதற்காகவே முடிவுப் பலகையின் முன் கூட்டம் கூடும்.

மிரரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. 1963இல் 'டெய்லி மிரர்' நாளிதழ், தொலைக்காட்சியில் தச்சுவேலை சொல்லித்தந்த பாரி பக்னெலையும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டையும் வைத்து ஒரு படகுப் பொட்டலத்தை வெளியிட்டது. விலை 63 பவுன் 11 ஷில்லிங். ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பில் பிசின் தடவி, வீட்டுக் கூடத்திலேயே படகு செய்துவிடலாம். பாய் மட்டும் பத்திரிகையின் நிறமான சிவப்பு. எழுபதாயிரத்துக்கு மேல் விற்றது. அயர்லாந்தில் இன்று நரைத்த தலையோடு சுக்கான் பிடிப்பவர்களில் பலர் பத்து வயதில் உட்கார்ந்தது அதில்தான்.

சென்னையிலிருந்து போகிறவருக்கு இந்தத் துறைமுகத்தில் இன்னொரு நினைவும் வரலாம். சென்னைத் துறைமுகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் ஏற்பட்டது. அதை நிறுவிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அயர்லாந்துக்காரர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்த பொறியாளர். 1904 முதல் 1919 வரை மெட்ராஸ் போர்ட் டிரஸ்டின் தலைவர். திறந்த கடலின் அலை அடித்துச் சிதைந்துகொண்டிருந்த மெட்ராஸ் துறைமுகத்தின் வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றிக் கட்டி அதை நிலைநிறுத்தியவர் அவர். 1912இல் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் அங்கே சேர்ந்த குமாஸ்தா ஒருவரின் கணிதத் தாள்களைக் கவனித்து, மேலிடங்களுக்கு எழுதி உதவியவர்களிலும் அவர் ஒருவர். அந்தக் குமாஸ்தா ராமானுஜன். கப்பலுக்கும் கணக்குக்கும் இடையே ஞாயிற்றுக்கிழமைப் பாய்க்கும் நேரம் ஒதுக்கிய தலைவரை அலுவலகத்தில் என்ன பேசிக்கொண்டார்களோ!

இன்னொரு இழை நம் காலத்தது. நேஷனல் யாட் கிளப்பில் வளர்ந்த அன்னலிஸ் மர்ஃபி 2016 ரியோ ஒலிம்பிக்கில் லேசர் ரேடியல் படகில் வெள்ளி வென்றார். அடுத்த ஒலிம்பிக், 2021இல் நடந்த டோக்கியோப் போட்டி. அதே லேசர் ரேடியல் பந்தயத்தில், எனோஷிமாத் துறைமுகத்துக்கு வெளியே, அவரோடு ஒரே தொடக்கக் கோட்டில் நின்றார் சென்னையின் நேத்ரா குமணன். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். சென்னையில் ஒரு கோடை முகாமில் படகேறிப் பழகியவர். அவர்கள் இருவருக்கும் கிடைத்தவை ஒரே அச்சில் வார்த்த படகுகள். 1886இல் ஷாங்கில் கூழாங்கற்கரையில் மலிவுக்காகவும் சச்சரவு வேண்டாம் என்பதற்காகவும் சொன்ன யோசனை ஒலிம்பிக் விதியாகிவிட்டது. என்ன, ஒலிம்பிக்கில் யாரும் சிரிப்பதில்லை.

டன் லீரியில் பந்தயம் முடிந்து கடைசிப் படகு கரையேறும்போதும் வெளிச்சம் போவதில்லை. ஜூன் நடுவில் சூரியன் மறைய இரவு பத்து மணியாகிறது. படகுகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, நன்னீர் ஊற்றிக் கழுவி, பாய்களை மடிக்கும்போதே வழக்கு விசாரணை ஆரம்பமாகிவிடும். இரண்டாவது மிதவையில் உள்பக்கம் யாருக்கு இடம் இருந்தது? மூன்று படகு நீளத்துக்குள் நுழையும்போது யாருடைய முன்பக்கம் யாருடைய பின்பக்கத்தைத் தாண்டியிருந்தது? உப்புக்குப்பியும் மிளகுக்குப்பியும் மேசைமேல் படகுகளாக மாறும், முள்கரண்டி காற்றின் திசையாகும். விதிநூலைத் தெரிந்த ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் மே முதல் ஆகஸ்ட் வரையிலான ஒரு புதன்கிழமையைத் தேர்ந்தெடுக்கலாம். டிக்கெட் கிடையாது, அணையில் நடக்க யார் அனுமதியும் வேண்டாம். ஆகஸ்ட் மாதமானாலும் மேல்சட்டை ஒன்று கையில் இருக்கட்டும்; அணை நுனியில் அடிக்கிற காற்றுக்குக் கோடை தெரியாது. சீக்கிரம் போய்விட்டால் கிழக்கே சற்று நடந்தால் சாண்டிகோவ். எழுத்தாளர் ஜாய்ஸ் தங்கிய மார்ட்டெல்லோ கோபுரம் அங்கேதான். போகிற வழியில் 1950இலிருந்து ஐஸ்கிரீம் விற்கும் டெடீஸ் கடை, வெயில் எட்டிப்பார்த்த நாளில் வரிசை தெருவரை நீளும். சாக்லெட் குச்சி செருகிய கோன் ஒன்றை வாங்கிக்கொண்டு அணைக்குத் திரும்பும்போது ஐந்து நிமிடக் கொடி ஏறியிருக்கும். கோனைக் காற்று வரும் பக்கம் பிடிக்கக் கூடாது.